நாலுக்கும் பதினாலுக்கும் நடுவில்

பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால்கூட அவருக்கு ஒரே நேரமாகச் சொல்ல வராது. "ஒன்பதே காலுக்கும் ஒன்பதே முக்காலுக்கும் நடுவுல வரும்ணா, பெரும்பாலும்" என்பார். அந்த 'பெரும்பாலும்' அவருக்கு முக்கியம். அதை விட்டுவிட்டு நாம் இன்னொருவரிடம் சொன்னால், நடுவில் புகுந்து சேர்த்துவிடுவார்.

நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கோழித் தீவன மில்லில் நான் எடைமேடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, தரம் பார்க்கும் பொறுப்புக்கு வந்தவர் அவர். புள்ளியியல் படித்தவர். முப்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். குள்ளமான உருவம். கண்ணாடியில் எப்போதும் சோளத் தூசி படிந்திருக்கும். துப்பட்டாவை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டிருப்பார். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் எழுதவில்லை. மில்லில் எல்லோருக்கும் அவர் மேடம். லாரி டிரைவர்களுக்கு மட்டும் ஊசிக்காரம்மா.

ஊசி என்றால், மூட்டையைக் குத்தி உள்ளிருக்கும் தானியத்தை எடுக்கும் குழாய் ஊசி. அவர் வருவதற்கு முன் எங்கள் மில்லில் அதற்கு அதிக வேலை கிடையாது. மக்காச்சோள லாரி வந்து நிற்கும். பின்கதவைத் திறந்து, கைக்கெட்டும் மூன்று மூட்டைகளைக் குத்தி, எடுத்ததை ஒன்றாகக் கலந்து அரைத்துப் பார்ப்பார்கள். ஒரு எண் வரும். சோளத்தில் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை ஒரு நஞ்சை விட்டுவைக்கும். அந்த நஞ்சு கோழியின் ஈரலைத் தின்றுவிடும், குஞ்சு என்றால் தாங்கவே தாங்காது. கண்ணால் பார்த்தால் பல நேரம் தெரியாது. சோதனையில் வரும் எண் இருபதுக்குள் இருந்தால் லாரி உள்ளே வரும், தாண்டினால் திரும்பிப் போகும். இதுதான் எங்கள் வழக்கம். சோளத் தரகர்களுக்கும் இந்த வழக்கம் நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால் பின்கதவை ஒட்டிய மூட்டைகள் எப்போதும் தங்கம் போல இருக்கும்.

அவர் வந்த முதல் வாரமே ஒரு பிஸ்கட் டின்னில் எண் எழுதிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். எந்தச் சீட்டு வருகிறதோ அந்த மூட்டையைத்தான் குத்த வேண்டும் என்றார். முதல் சீட்டே வில்லங்கமாக வந்தது. அந்த மூட்டை லோடின் நடுவில், கீழ் வரிசையில் இருந்தது.

"ஏம்மா, அதை எடுக்கோணும்னா பாதி லோடை இறக்கோணும். கைக்குக் கெடைக்கறதைக் குத்திட்டு உடுங்க" என்றார் டிரைவர்.

"கைக்குக் கெடைக்கறதை நீங்க குடுக்கறீங்கண்ணா. எனக்கு சீட்டு குடுக்கறதுதான் வேணும்."

"இறக்கறது ஆரு?"

"நானும் வரேன். இறக்குங்க."

சொன்னபடி லாரி மேல் ஏறியும் விட்டார். லோடுமேன்கள் முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார்கள். எனக்குத்தான் தலைவலி. ஒரு லாரி நின்றால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். மெயின் ரோடு வரைக்கும் வரிசை போய்விடும். டிரைவர்கள் அவரிடம் கத்த மாட்டார்கள். எடைமேடைக் கண்ணாடியைத் தட்டி என்னிடம்தான் கத்துவார்கள். முதல் சில மாதங்கள் அவரைக் கண்டாலே எனக்கு எரிச்சலாக வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

எடுத்த சோளத்தை ஒன்றாகக் கலக்கவும் விட மாட்டார். ஐந்து இடத்தில் எடுத்தால் ஐந்து பொட்டலம், ஐந்து சோதனை. "கலந்துட்டா ஒரே நம்பர்தான் வரும். அது எவ்வளவு ஆடுதுன்னு எப்படித் தெரியும்?" என்பார். அவர் அடிக்கடி சொல்வது இன்னொன்று: "ஒத்த நம்பர் கூசாம பொய் சொல்லும்ணா. ரெண்டு நம்பர் சேர்ந்து நின்னா கொஞ்சமாவது வெக்கப்படும்."

அதனால் அவருடைய முடிவு எப்போதும் இரண்டு எண்களாகவே வரும். இந்த லோடு மூன்றுக்கும் எட்டுக்கும் நடுவில். இது ஒன்பதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில், எனவே வேண்டாம். அல்லது இன்னும் குத்த வேண்டும். இடைவெளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றால் இரண்டு மடங்கு குத்தினால் போதாது, நான்கு மடங்கு குத்த வேண்டுமாம். இதை முதன்முதலில் கேட்ட லோடுமேன் ஒருவர் கீழே உட்கார்ந்தே விட்டார்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது நான் கேட்டேன். "ஏனுங் மேடம், இவ்வளவு பண்றீங்களே, நீங்க சொல்ற ரெண்டு நம்பருக்கு நடுவுலதான் நிசம் இருக்கும்னு அடிச்சுச் சொல்ல முடியுங்களா?"

"முடியாதுண்ணா. நூறு லாரிக்கு இப்படிச் சொன்னேன்னா, ஏறக்குறைய தொண்ணூத்தஞ்சு லாரிக்கு நடுவுல இருக்கும். மிச்சம் அஞ்சுல வெளிய போயிடும்."

"எந்த அஞ்சுங்க?"

அவர் டம்ளரைப் பார்த்தார். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. சோதனை முடிவு வரும்வரை அவரால் எதையும் குடிக்க முடியாது. கையில் வைத்துக்கொண்டே இருப்பார்.

"அது தெரிஞ்சா நான் ராத்திரி தூங்குவேனே" என்றார்.

சிரிப்பதற்காகச் சொன்னார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

என் மனைவிக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, மில்லில் பலரும் போன் செய்தார்கள். எல்லோரும் ஒன்றும் ஆகாது என்றார்கள். மேடமும் போன் செய்தார். ரத்தத்தில் தட்டணுக்கள் ஒரே நாளில் பாதியாகிவிட்டன என்று சொன்னேன்.

"ரெண்டு தடவையும் ஒரே லேப்லயாண்ணா எண்ணினாங்க?"

"இல்லீங்க. நேத்து வெளிய எடுத்தது."

"அப்ப ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்துல கொஞ்சம் எண்றதுல வர்ற வித்தியாசம். எவ்வளவுன்னு தெரியாது. டாக்டர்கிட்ட சொல்லி இன்னொரு தடவை எண்ணச் சொல்லுங்க. ஒரு தடவை எண்ணினதை வெச்சுப் பயப்படாதீங்க. தைரியமாவும் இருந்துடாதீங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மனுஷி, ஒன்றும் ஆகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? போனை வைத்துவிட்டேன். ஆனாலும் டாக்டரிடம் கேட்டேன், மறுபடி எண்ணினார்கள். எண் நாங்கள் பயந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. டாக்டர் எப்படியும் மறுபடி எண்ணியிருப்பார்தான். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒன்று புரிந்தது. அத்தனை பேர் ஆறுதல் சொன்னதில் என் பயம் குறையவில்லை. செய்வதற்கு ஒரு வேலையைக் கொடுத்தவர் அவர் மட்டும்தான். அதற்குப் பிறகு டிரைவர்கள் கண்ணாடியைத் தட்டினால், "அந்தம்மா முடிக்கற வரைக்கும் நில்லுப்பா" என்று நானும் கத்தத் தொடங்கினேன்.

அந்த வருஷ மழைக்காலத்தில் சோளமே கிடைக்கவில்லை. வருகிற பாதையெல்லாம் மழை. மில்லில் இருப்பு கரைந்துகொண்டே வந்தது. பண்ணைக்காரர்கள் போன் மேல் போன் போட்டார்கள். கோழிக்கு நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்ல முடியாது அல்லவா? அப்படி ஒரு நேரத்தில் தார்ப்பாய் சொட்டச் சொட்ட ஒரு லாரி வந்து எடைமேடையில் ஏறியது. முதலாளியே குடை பிடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றார்.

மேடம் ஐந்து மூட்டைகளைக் குத்தினார். நான்கு பொட்டலங்களில் மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று வந்தது. ஐந்தாவதில் முப்பத்தெட்டு.

"சராசரி என்னம்மா?" என்றார் முதலாளி.

"பதினொன்னுங்க சார்."

"அப்பறமென்ன? இருபதுக்குக் கீழதான. இறக்குங்க."

"பதினொன்னு இல்லீங்க சார். முப்பது வரைக்கும் போகலாம். அஞ்சு பொட்டலத்தை வெச்சு இதுக்கு மேல சொல்ல முடியாது. இன்னும் பதினஞ்சு வேணும்."

"மில்லு நிக்கப் போகுதும்மா. நின்னா அத்தனை பண்ணையிலயும் கோழி பட்டினி கெடக்கும். அதுக்கு எத்தனைக்கும் எத்தனைக்கும் நடுவுலன்னு கணக்குப் போட்டுச் சொல்லு பாக்கலாம்."

மேடம் லாரியை விட்டு நகரவில்லை. முதலாளி கெட்டவர் இல்லை. குடையை மடக்கி உதறிவிட்டு, "சீக்கிரம் பாரு சாமி" என்று உள்ளே போய்விட்டார்.

மழையில் லோடை இறக்க இறக்க, அவர் தார்ப்பாய்க்கு அடியில் முழங்காலிட்டுக் குத்தினார். கடைசியாக வந்த சீட்டு கேபினை ஒட்டிய அடிமூட்டைக்கு. அதை எடுப்பதற்கு மேலே இருந்ததையெல்லாம் தூக்க வேண்டியிருந்தது. லோடுமேன்கள் வாய்விட்டே திட்டினார்கள். சாயங்காலம் ஆகிவிட்டது. சோதனை அறைக் கதவுக்கு வெளியே நான், முதலாளி, டிரைவர் மூவரும் நின்றோம். ஆஸ்பத்திரியில் நின்றது போலவே இருந்தது எனக்கு.

கதவு திறந்தது. மொத்தம் இருபது பொட்டலங்கள். அந்த அடிமூட்டையில் நாற்பதைத் தாண்டியிருந்தது. மற்றதெல்லாம் சின்னச் சின்ன எண்கள்.

"நாலுக்கும் பதினாலுக்கும் நடுவுல" என்றார். முகத்தில் பெரிய பாரம் இறங்கிய களை. "இருபதைத் தொடலை சார். எடுத்துக்கலாம்."

"இதைத்தானம்மா நான் மத்தியானமே சொன்னேன்!" என்று முதலாளி சிரித்தார். டிரைவரும் சிரித்தார். மேடமும் சிரித்தார். அன்றைக்கு அவர் டீயைச் சூடாகக் குடித்ததை நான் பார்த்தேன்.

ராசிபுரம் போகிற வழியில் சரோஜாக்கா என்பவருக்கு ஒரு சின்னப் பண்ணை. கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வடக்கே போய்விடுவார். வருஷத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். பண்ணையைத் தனியாகப் பார்ப்பவர் அக்காதான். அப்போதுதான் புதிதாகக் குஞ்சு விட்டு வளர்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தீவனம்தான் வாங்குவார்.

கொஞ்ச நாளில் அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "ஏனுங் தம்பி, குஞ்செல்லாம் ரெக்கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குதுங்க. காலைல செத்ததை ஒரு கூடை அள்ளிக் கொட்டுனனுங்க. டாக்டரு வந்து அறுத்துப் பாத்தாரு. ஈரலு மஞ்சளா வெளுத்துப்போய்க் கெடக்குதாம். தீவனத்தைப் பாருங்கங்கறாரு."

நான் முதலாளியிடம் சொன்னேன். அவர் மேடத்தைக் கூப்பிட்டார்.

"நம்ம லோடு சுத்தம்னு நீ கையெழுத்துப் போட்டிருக்கற. அது போதும். அந்தப் பொம்பளை மழைல ஷெட்டுக்குள்ள ஈரத்துல மூட்டையைப் போட்டு வெச்சிருக்கும், பூஞ்சை பிடிச்சிருக்கும். அதையே எழுதிக் குடுத்துரு."

எழுதிக் கொடுத்திருந்தால் யாரும் அவரைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவருடைய சோதனையில் ஒரு தப்பும் இல்லை. மேடம் என்னைப் பார்த்து, "அண்ணா, உங்க வண்டியில என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார்.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் அந்தச் சத்தமின்மைதான் முதலில் தாக்கியது. குஞ்சுப் பண்ணை என்றால் காது கிழியும். அங்கே ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கீச்சொலி. சரோஜாக்கா எங்களை வாங்க என்று கேட்டார். தீவன மூட்டைகள் பலகை மேல், சுவரிலிருந்து தள்ளி அடுக்கியிருந்தன. தரையில் கை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மேடம் பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கேயும் ஈரமில்லை.

எல்லா மூட்டையையும் குத்தினார். சீட்டுக் குலுக்கவில்லை, ஒன்று விடாமல் குத்தினார். திரும்பி வரும் வழியில், அதே சோளத்தில் அரைத்த தீவனம் போன வேறு சில பண்ணைகளுக்கும் போகச் சொன்னார். அங்கேயெல்லாம் குஞ்சுகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. அங்கேயும் குத்தி எடுத்துக்கொண்டார்.

சோதனை முடிந்தபோது எல்லாம் தெரிந்துவிட்டது. மற்றப் பண்ணைகளில் ஒன்றுமில்லை. சரோஜாக்காவின் மூட்டைகளில் மட்டும், நாங்கள் எல்லை என்று வைத்திருந்ததைப் போலப் பல மடங்கு.

மேடம் தனக்குத்தானே சொல்வது போல என்னிடம் சொன்னார். "அந்த முப்பத்தெட்டும், அந்த அடிமூட்டையும் கேபின் பக்கத்து மூலைதாண்ணா. அங்க தார்ப்பாய் கிழிஞ்சு தண்ணி எறங்கியிருக்கு. அந்த மூலைல நான் குத்தாத மூட்டைங்க இன்னும் மோசமா இருந்திருக்கும். அந்த மூலை மூட்டையெல்லாம் கடைசியா எறங்குச்சு, ஒண்ணாச் சேர்ந்து ஒரே அரவைக்குப் போச்சு. அந்த அரவை அப்படியே அந்தக்கா ஊட்டுக்குப் போயிருச்சு."

"உங்க கணக்கு தப்பாயிருச்சுங்களா மேடம்? அந்த நூத்துல அஞ்சா?"

"அதுகூட இல்லண்ணா. கணக்கு சரி. லோடோட சராசரி நாலுக்கும் பதினாலுக்கும் நடுவுலதான் இருந்திருக்கும். ஆனா கோழி சராசரியையா திங்குது? அது ஒரு மூட்டையைத் திங்குது. அந்த முப்பத்தெட்டு என் கண்ணு முன்னால நின்னுச்சு. நான் இன்னும் குத்திக் குத்தி அதைச் சின்ன நம்பருங்களுக்கு நடுவுல மறைச்சுட்டேன். இடைவெளி சுருங்கச் சுருங்க எனக்கு தைரியம் வந்துருச்சு. கேக்க வேண்டியதை விட்டுட்டு வேற ஒண்ணைக் கேட்டு, அதுக்கு ரொம்பச் சரியா பதில் வாங்கிட்டேன்."

அவர் உதடு வெளுத்திருந்தது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

முதலாளி அறையில் அன்று நடந்தது எளிதாக இல்லை. கதவு மூடியிருந்தாலும் எடைமேடை வரைக்கும் கேட்டது. "ஒரு பண்ணைக்காரிக்காக ஊர் பூரா நம்ம தீவனத்துல வெஷம்னு நீயே தண்டோரா போடறியா?" என்று அவர் கத்தினார். மேடத்தின் குரல் எழவே இல்லை. "அந்த அரவைல வேற மூட்டை எங்கயாவது மாறிப் போயிருந்தா சார்? அங்கயும் குஞ்சு சாகும். அப்ப ஊரே சொல்லும். இப்ப நாம சொல்லிக்கலாம்." பிறகு முதலாளி வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், "அந்தச் சோளத்துல அரைச்ச மூட்டை எங்கெங்க போச்சோ எல்லாத்தையும் திருப்பி எடுத்தாங்கடா" என்றார். சரோஜாக்காவின் நஷ்டத்தை மில் ஏற்கும் என்றும் சொன்னார். சொன்னதைச் செய்தார். ஆனால் மேடத்திடம் அதற்குப் பிறகு வெகுகாலம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் மேடம் மறுபடி சரோஜாக்கா பண்ணைக்குப் போனார். கால்நடை டாக்டரும் இருந்தார். நானும் போயிருந்தேன். பின்பக்கம் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கணவர் எங்கோ வடக்கில் போனில், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா ம் கொட்டிவிட்டு வைத்தார்.

மேடம் அவர் முன்னால் போய் நின்றார். "அக்கா, அந்தச் சோளத்தை எடுக்கலாம்னு சொன்னது நான்தான். பார்த்துட்டுத்தான் சொன்னேன். என் பார்வை தப்பாயிடுச்சு."

சரோஜாக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "மிச்சமிருக்கறது பொழைக்குமா அம்மிணி?" என்று கேட்டார். "ஆரைக் கேட்டாலும் பொழைச்சுக்கும் பொழைச்சுக்கும்கறாங்க. எனக்கு அது வேண்டாம்."

மேடம் சீட்டுப் போட்டுச் சில கூண்டுகளை எடுத்து, டாக்டரோடு ஒவ்வொரு குஞ்சாகக் கையில் தூக்கிப் பார்த்தார். கண், கால், கொண்டை, எச்சம். வெயில் ஏறி இறங்கும் வரைக்கும் அந்த வேலை நடந்தது. அக்கா தூணைப் பிடித்தபடி நின்றே இருந்தார். கடைசியில் மேடம் டாக்டரோடு தனியாகப் பேசிவிட்டு வந்தார்.

"இப்ப உசுரோட இருக்கறதுல பாதிக்குக் கொறையாதுக்கா. முக்காலைத் தாண்டாது. பெரும்பாலும்."

அக்கா அதை மெல்ல ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "செரி. நான் பாதின்னே வெச்சுக்கறேன்" என்றார். சொன்ன கையோடு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேறாது என்று தெரிந்தவற்றைத் தனியாகப் பிரிக்கத் தொடங்கினார். அதன் பிறகுதான் அவர் அழுததையும் பார்த்தேன். அழுதுகொண்டே பிரித்தார். மேடமும் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தார். பிழைத்தது கடைசியில் பாதிக்குச் சற்றே கூடுதல்.

நான் சொல்ல வந்தது இதுவரைக்கும் உள்ளதல்ல, இதற்குப் பிறகு நடந்தது.

மழை விட்டபின் மில்லுக்கு மறுபடி சோளம் வரத் தொடங்கியது. முதல் லாரி வந்த அன்று மேடம் வழக்கம் போல ஏறினார், குத்தினார். இப்போது சராசரியோடு விடுவதில்லை. ஒற்றைப் பொட்டலம் எகிறினாலும் அந்த மூலையையே தனியாகப் பிரித்து வைக்கச் சொல்லிவிட்டார். அரைத்த பிறகும் ஒவ்வொரு அரவையிலும் எடுத்துப் பார்க்கும்படி மாற்றியிருந்தார். அந்த லாரியில் எந்தப் பொட்டலமும் எகிறவில்லை. எல்லாமே சின்ன எண்கள். இரண்டு எண்களும் நெருக்கமாக நின்றன. எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

அந்தக் கையெழுத்து வரவில்லை.

பின்னால் லாரிகள் சேர்ந்தன. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. டிரைவர்கள் என் கண்ணாடியைத் தட்டினார்கள். முதலாளி மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் எழுந்து சோதனை அறைக்குப் போனேன். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க மேடம், ஏதாவது கூடுதலா வந்திருக்குதுங்களா?"

"இல்லண்ணா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அப்பறமுங்க?"

"அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சு." பேனாவை மூடினார், திறந்தார். "இன்னும் இருபது குத்தலாமாண்ணா? நாப்பது? எத்தனை குத்தினா போதும்? மூட்டை பூராத்தையும் குத்தினாலும் சோளம் பூராத்தையும் அரைக்க முடியாதே. அரைச்சுட்டா கோழிக்கு எதைப் போடறது?"

ஒன்றும் ஆகாது என்ற வார்த்தை எனக்கு வாய் வரை வந்தது. அவரிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

அப்போது வாசலில் ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. சரோஜாக்கா இறங்கினார். பிழைத்த குஞ்சுகளுக்குத் தீவனம் வாங்க வந்திருக்கிறார். எங்கள் மில்லுக்கு அவர் இனி வரவே மாட்டார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவருக்கு இன்னும் பக்கத்தில் வேறு மில்கள் இருந்தன. நேராகத் தீவனம் ஏற்றும் இடத்துக்குப் போய், அங்கே அடுக்கியிருந்த மூட்டைகளைக் காட்டி லோடுமேனிடம் கேட்டார்.

"ஏங்கண்ணு, இது அந்த அம்மிணி பாத்த தீவனமா?"

கேள்வி சோதனை அறைக்குள் தெளிவாகக் கேட்டது. மேடம் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் வெளியே போனார். நானும் பின்னால் போனேன். வரிசையில் நின்ற டிரைவர்கள் ஏதோ சண்டை வரப் போகிறது என்று எட்டிப் பார்த்தார்கள்.

"நான் பார்த்ததுதாங்க்கா" என்றார் மேடம். "போன தடவையும் நான் பார்த்ததுதான்."

"தெரியும் சாமி" என்றார் சரோஜாக்கா. "அதுக்குத்தான் கேட்டேன்."

பிறகு ஆட்டோக்காரரைப் பார்த்து, "பின்னால எடுத்து ஒட்டி நிறுத்துப்பா, ஏத்தலாம்" என்றார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியில் துடைத்தார். உள்ளே போனவர் காகிதத்தோடு திரும்பி வந்து, எடைமேடை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார். கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. நான் லாரியை உள்ளே விட்டேன்.